நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்று

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டளையை அடித்து எண்டர் தட்டினால், வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் கணினி ஒரு வார்த்தை பேசாது. அடுத்த வரியில் வந்து சிமிட்டிக்கொண்டு நிற்கும். தப்பு நடந்தால்தான் வாய் திறக்கும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், "ஒண்ணுமே வரலியே, நடந்துச்சா இல்லியா?" என்று பதறுவார்கள். "பேசலைன்னா நல்லபடியா முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்று பதினெட்டு வருடமாகச் சலிக்காமல் சொல்லிவந்தவன் நான். அதே நம்பிக்கையை மனுஷர்கள் மேலும் வைத்தது என்னுடைய இரண்டாவது தப்பு. முதல் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாட்டின் தெற்குக் கோடியில் இருக்கும் இன்வர்கார்கில் ஊரில், பறவைகளின் குரல்களைப் பதிந்து சேர்த்துவைக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. மொத்தமே நாலு பேர். லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மவுஸைத் தொடமாட்டேன். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பத்துப் பன்னிரண்டு கட்டளைகள், அவ்வளவுதான் என் உலகம். மற்றவர்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாக வரும். சிரிக்கவும் செய்வேன், அவர்களுக்குக் கேட்கிற மாதிரியே.

ரீப்பெக்கா காட்டுக்குப் போகிறவள். பக்கத்துத் துறைமுகமான பிளஃப் ஊர்க்காரி. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். படகேறி ரக்கியூரா தீவுக்குப் போய், தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் பத்து நாள் கூடாரம் போட்டுத் தங்கி, மரத்துக்கு மரம் ஒலிப்பதிவுக் கருவியைக் கட்டிவிட்டு வருவாள். அவளுடைய காது லேசுப்பட்டதல்ல. ஜன்னலுக்கு வெளியே ஒரு குருவி கத்தினால், தேநீர் கலக்குவதை நிறுத்தாமலே, "அது குஞ்சு, இந்த வருஷத்துது" என்பாள்.

அந்தத் தப்பு நடப்பதற்கு மூன்று வருடம் முன்னால், அந்தப் பள்ளத்தாக்கில் கோக்காக்கோவைக் கேட்டதாக, எங்கள் வேலைக்குப் பணம் ஒதுக்கும் குழுவின் கூட்டத்தில் சொன்னாள். சாம்பல் நிறத்தில் இருக்கும் பறவை. எங்கள் தெற்குத் தீவுப் பக்கத்தில் அது இருக்கிறதா, அற்றுப்போய்விட்டதா என்று எத்தனையோ வருடமாக அடிதடி. பதிவு எதுவும் இல்லாமல் வெறும் வாயால் சொன்னாள். குழுத் தலைவர் டூகல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "டூயி குருவியா இருக்கும்மா. அது போன் மணி அடிக்கிற மாதிரியே கத்தும், ஏமாந்திருப்ப" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அவள் பெயர் 'பேய் கேட்ட ரீப்பெக்கா' ஆகிப்போனது.

தப்பு நடந்தது ஒரு மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிக்கு, மழைக்கோட்டிலிருந்து சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். ஒரு கையில் சீஸ் ரோல் பொட்டலம், இன்னொரு கையில், ஒலிப்பதிவுக் கருவிகளிலிருந்து கழற்றிய மெமரி கார்டுகள் போட்ட டப்பா.

"லாக்கி, கதவைச் சாத்து."

"எதையாவது திருடிட்டு வந்துட்டியா?"

"வாயை மூடிக்கிட்டு இதைக் கேளு."

கார்டுகளில் இருந்த எல்லாவற்றையும், புதிதாக வருவதை முதலில் போட்டுவைக்கும் சர்வரின் வரவுப் பகுதிக்குள் இறக்கினோம். நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். அதில் ஒன்றைத் தேடி எடுத்து, ஹெட்ஃபோனை என் தலையில் அவளே மாட்டிவிட்டாள். முதலில் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். அப்புறம் நீளமாக ஒரு குரல், அடித்தொண்டையிலிருந்து வருகிற மாதிரி. அதற்குச் சற்று மேலே இன்னொன்று. பிறகு, பாட்டு மறந்துபோன மாதிரி ஒரு நிறுத்தம். திரும்பவும் அதே இரண்டு. எனக்குக் கை ரோமமெல்லாம் நட்டுக்கொண்டது.

"டூயின்னா நடுவுல கரகரன்னு ஒரு இருமல் இருமும். இதுல இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"சத்தியமா சொல்லு."

"இல்ல ரீப்பெக்கா. இருமல் இல்ல. இது அதுதான்."

அவள் சிரித்தாள், உடனே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை கூட்டத்துல அந்த டூகல் மூஞ்சி போற போக்கை நான் பார்க்கணும். மூணு வருஷமா பார்க்கணும்னு இருக்கேன்." அந்த வெள்ளிக்கிழமைதான் பள்ளத்தாக்கில் எலிப்பொறி வைப்பதைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று முடிவாக இருந்தது. பொறி இல்லாவிட்டால் ஒரு வருடத்தில் எலி எல்லா முட்டையையும் தின்றுவிடும்.

கார்டுகளைக் கொடு, துடைத்துத் தருகிறேன் என்றேன். பன்னிரண்டு மணிப் படகில் வேறொரு தீவுக்குப் போகிறவர்களுக்கு அவை வேண்டும்.

"இன்னைக்கு ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டுமே" என்றாள்.

"சர்வருக்குள்ள வந்தாச்சுல்ல? அப்புறம் என்ன பயம்?"

வெறுமனே அழித்தால் போதாது, கார்டு முழுவதும் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பழைய குரல் புதிய பதிவில் ஒருமுறை கலந்துவிட்டதால் போட்டது. அதற்கும் ஒரு கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு கார்டாகச் செருகி நானே நிரப்பினேன். அவள் பக்கத்தில் நின்று டப்பா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

வரவுப் பகுதிக்குக் காப்பு நகல் கிடையாது. நிரந்தரமாகச் சேர்த்துவைக்கும் களஞ்சியப் பகுதிக்கு மட்டும்தான், தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ஊருக்கு வெளியே இருக்கும் இன்னொரு கணினிக்குப் போகும். அதனால் அன்றைக்கே களஞ்சியத்துக்குள் சேர்த்துவிட வேண்டும் என்றேன். நியாயமான பேச்சுத்தான்.

ஆனால் அவள் காட்டில் கருவியிலேயே மரத்துக்கு ஒரு கோப்புறை, அதற்குள் நாளுக்கு ஒரு கோப்புறை என்று அடுக்கடுக்காகப் போட்டிருந்தாள். பெயர்கள் வேறு: 'மூணாவது மரம் ஆறாம் நாள் காலை மழை விட்டப்புறம்'. நடுவில் இத்தனை இடைவெளி விட்டால் எங்கள் கட்டளைகள் பாதிப் பெயரோடு நின்று திருதிருவென்று விழிக்கும்.

"இது பேரா, கடுதாசியா?" என்றேன். "இடைவெளி விடாத, நடுவுல கோடு போடுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்கு மறதி ராசா. பேர்லயே எழுதி வெச்சாத்தான் உண்டு."

"எல்லாத்தையும் பொறுக்கி ஒரே இடத்துல போட்டுடறேன். ஒரே வரி. பாரு."

"லாக்கி, நகர்த்தாத. நகல் எடு. இருக்கிறது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? ரெண்டு ரெண்டா வெச்சா இடம் யார் குடுக்கிறது?"

"சரி மவராசா, உன் இஷ்டம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல்கள் திறந்திருந்தன. இடது பக்கம் சர்வர். வலது பக்கம், அந்த வாரம் நான் கழற்றி ஓரங்கட்ட இருந்த பழைய கணினி. இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். முதலில் களஞ்சியத்தில் 'பள்ளத்தாக்கு' என்று ஒரு கோப்புறை உண்டாக்க 'எம்கேடிர்' அடித்தேன். கணினி பேசவில்லை. நடந்துவிட்டது என்று அர்த்தம். நடக்கத்தான் செய்தது, வலது பக்க ஜன்னலில், பழைய கணினியில். சர்வரில் அப்படி ஒரு கோப்புறையே உண்டாகவில்லை. பிறகு இடது ஜன்னலில், வரவுப் பகுதியில் எத்தனை அடுக்குக்குள் இருந்தாலும் ஒவ்வொரு கோப்பாகத் தேடி எடுத்து அந்தப் பள்ளத்தாக்குக்குள் நகர்த்து என்று ஒரு வரி அடித்தேன். 'ஃபைண்ட்' தேடும், 'எம்வி' நகர்த்தும். எண்டர் தட்டினேன். ஒரு சிமிட்டலில் முடிந்தது. ஒரு வார்த்தை இல்லை.

"பார்த்தியா?" என்றேன். "நீ இழுத்துப் போட்டிருந்தா மத்தியானம் ஆகியிருக்கும்."

"கெட்டிக்காரன்தான்" என்று சொல்லிவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள்.

'எம்வி' என்பது நகர்த்தவும் உதவும், பெயர் மாற்றவும் உதவும். போகச் சொன்ன இடத்தில் கோப்புறை இருந்தால் அதற்குள் போய் உட்காரும். இல்லாவிட்டால், 'ஓ, இதுதான் என் புதுப் பெயர் போலிருக்கிறது' என்று அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளும். முதல் கோப்பு 'பள்ளத்தாக்கு' ஆனது. இரண்டாவது வந்து அதைத் தள்ளிவிட்டுத் தான் 'பள்ளத்தாக்கு' ஆனது. இப்படியே நானூற்றுப் பன்னிரண்டும். கேட்டுவிட்டுச் செய் என்று இரண்டே எழுத்து சேர்த்திருந்தால் கேட்டிருக்கும். கடைசியில் ஒரு சாய்கோடு போட்டிருந்தால்கூட, அப்படி ஒரு கோப்புறை இல்லையே என்று நின்றிருக்கும். நான் எப்போதும் சேர்ப்பதில்லை. தெரிந்தவனுக்கு எதற்கு என்கிற நினைப்புத்தான்.

ஒன்றரை மணிக்கு, எண்ணிக்கை பார்க்கலாம் என்று அதற்குள் நுழையப் பார்த்தேன். அன்றைக்கு முதல் தடவையாகக் கணினி பேசியது. அது கோப்புறை அல்ல என்றது.

பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளையை அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கோப்பு. சர்வரின் டிஸ்க் வேகமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அழிந்ததை அந்த நொடியே சுத்தமாகத் துடைத்துவிடும்படி அமைத்துவைத்ததும் நான்தான். மீட்கும் வழிகள் எல்லாவற்றையும் ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தேன். கார்டுகள் படகில் போய்விட்டன, பூச்சியத்தால் நிரம்பி. எங்கே திரும்பினாலும் என் கைவேலைதான் வந்து முட்டியது.

இரண்டு மணிக்கு ரீப்பெக்கா வந்தாள். தலையில் ஈரத் துண்டு, முகம் நிறைய சிரிப்பு.

"டிஸ்க் போயிருச்சு ரீப்பெக்கா" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அது தானாக வாயில் வந்து விழுந்தது. விழுந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, அதுதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறது.

"எல்லாமேவா?"

"ஒண்ணு இருக்கு."

"எது?"

கேட்டோம். மழை. முக்கால் மணி நேரத்துக்கு இலை மேல் மழை. ஓட்டி ஓட்டிக் கேட்டோம். கடைசியில் சகதியில் நடந்து வரும் காலடிச் சத்தம், பெட்டி திறக்கும் சத்தம், பிறகு அவள் குரல்: "ஏழாவது மரம், பேட்டரி மாத்தியாச்சு. லாக்கி, பேர்ல இடைவெளி விடாதேன்னு சொன்னே, ஞாபகம் இருக்கு. ஆனா விரல் மரத்துப்போச்சுடா, அந்தக் கோடு போடற பட்டன் அமுங்கவே மாட்டேங்குது." அவ்வளவுதான்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"இதையாவது நான் எடுத்து வெச்சுக்கறேன். நானே நகல் எடுத்துக்கறேன். 'சிபி' எனக்குத் தெரியும்."

என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன். தேநீரா முக்கியம், முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் அதற்கு முன்னால் அடித்த கட்டளைகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வரும் என்று போன வருடம் அவளுக்குக் காட்டியிருந்தேன். "ஒவ்வொரு தடவையும் முழுசா அடிச்சுக் கஷ்டப்படாத" என்று பெரிய மனசோடு சொல்லியிருந்தேன். அது அப்போது என் நினைவில் இல்லை.

நான் இரண்டு கோப்பையோடு திரும்பியபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். திரையில் வெறும் சிமிட்டல்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேற எதாவது சொல்லணுமா லாக்கி?"

"என்னத்தைச் சொல்றது, டிஸ்க் இப்படிப் பண்ணிருச்சு."

"ம்" என்றாள். தேநீரைக் குடிக்காமலே போய்விட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பேசவில்லை என்றால் நல்லபடியாக முடிந்தது என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எனக்கு வேலை, படம் காட்டும் கருவியைப் பார்த்துக்கொள்வது மட்டும். ரீப்பெக்கா எழுந்து நின்று, ஆறாம் நாள் காலை, மூன்றாவது மரம், ஆறு நாற்பது என்று சொன்னாள். டூகல் கண்ணாடியைக் கழற்றினார்.

"பதிவு எங்கம்மா?"

"டிஸ்க் போயிருச்சுன்னு சொல்றாங்க" என்றாள். 'சொல்றாங்க' என்றபோது என்னைப் பார்த்தாள்.

மேசையின் அந்தக் கோடியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டூகல் சிரிக்கவில்லை, அதை அவருக்கு மரியாதையாகச் சொல்ல வேண்டும். பேனாவை எடுத்துக்கொண்டு நேராக என் பக்கம் திரும்பினார்.

"லாக்லன், அது போறதுக்கு முன்னாடி நீ எதையாவது கேட்டியா? நீ கேட்டிருந்தா சொல்லு, நான் எழுதிக்கறேன்."

இதைவிட நன்றாக யார் கதவைத் திறந்துவிடுவார்கள்? கேட்டேன் என்று ஒரு சொல் போதும். ஆனால் கேட்டேன் என்றால், எப்போது, எங்கே, எந்த டிஸ்க், எப்படிப் போனது என்று அடுத்தடுத்து வரும். அந்த ஒரு வரியைத் திரையில் போட்டுக் காட்டச் சொல்வார்கள். பன்னிரண்டு வருடமாக நான் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"கேட்க நேரம் கிடைக்கலை" என்றேன்.

ரீப்பெக்கா உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக, நாற்காலி சத்தம் போடாமல். பொறிகளை நிறுத்துவது என்று முடிவானது. அந்தக் குளிர்காலத்தில் அவள் வேலையை விட்டுவிட்டு பிளஃபுக்கே போய், சிப்பி உரிக்கும் கொட்டகையில் சேர்ந்தாள். பள்ளத்தாக்கில் அந்தக் குரலை அதற்குப் பிறகு யாரும் கேட்டதாகச் சொல்லவில்லை. கேட்பதற்கும் யாரும் போகவில்லை.

ஆறு வருடம் ஓடியது. போன மாதம் அதே சர்வருக்கு ஓய்வுகொடுத்து அனுப்பும் வேலை வந்தது. விட்டுப் போனவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க வேண்டும். ரீப்பெக்காவின் பகுதியில் 'எல்எஸ்' அடித்தேன். அந்த மழைக் கோப்பின் நகல் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. பெயரில் வழக்கம்போல இடைவெளிகள்.

'லாக்கி தானா வந்து சொன்னா இதை அழிச்சிடணும்.'

தேதி, அதே செவ்வாய்க்கிழமை. நேரம், மதியம் இரண்டு ஐம்பது. தேநீரைக் குடிக்காமல் போன பத்து நிமிடத்துக்குள் எழுதியிருக்கிறாள். திறந்தேன். நான் அடித்த அந்த ஒரு வரி, ஓர் எழுத்துப் பிசகாமல். அதற்குக் கீழே: 'டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. அந்தக் குரலை அவனும் கேட்டான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம்.'

அவள் அந்த மேசையில் அந்த வரியை எடுத்து எல்லோர் முன்னாலும் போட்டிருக்கலாம். எனக்கு வேலை போயிருக்கும், அவளை நம்பியிருப்பார்கள். எனக்காகக் காத்திருந்தாள். அவ்வளவு பெரிய காது வைத்திருந்தவள், நான் ஒரு வார்த்தை பேசுவேன் என்று காத்திருந்தாள்.

மறுநாள் காலை பிளஃபுக்கு வண்டியை விட்டேன். கொட்டகையில் நின்றபடியே கத்தியால் சிப்பியை நெம்பிக்கொண்டிருந்தாள். தலைமுடி நன்றாக வெளுத்திருந்தது.

"அட, யாரு இது! கறுப்புத் திரையை விட்டு வெளியே வந்துட்டியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். வலது ஜன்னல், இடது ஜன்னல், டிஸ்க், டூகல் கேட்டது, நான் சொன்னது. அவள் கையை நிறுத்தவில்லை. உரித்த சிப்பி ஒவ்வொன்றாக வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

"நான் கேட்டேன் ரீப்பெக்கா. அது அதுதான். இருமல் இல்ல."

"எனக்குத் தெரியுமே அது. எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய மேசை வேற." கத்தியைத் துடைத்தாள். "டூகல் செத்து ரெண்டு வருஷமாச்சு. எழுதிக்கறேன்னு பேனாவை எடுத்தாரு மனுஷன், நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேன்."

"ம்." தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். "ஒண்ணு கேக்கறேன் லாக்கி. இப்ப நீ தானா வந்தியா? இல்ல, நான் எழுதி வெச்சதைப் பார்த்துட்டு வந்தியா?"

தானாக என்று சொல்ல வாய் வந்தது. அன்றைக்கு டிஸ்க் என்கிற பொய் வந்து விழுந்த அதே இடத்தில்தான் அதுவும் வந்து நின்றது.

"பார்த்துட்டுத்தான் வந்தேன்" என்றேன்.

"அப்ப அது அங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த சிப்பியை எடுத்தாள்.

மத்தியானம் அலுவலகம் திரும்பி, அந்தக் கோப்பைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோனேன். பெயரில் இருந்த இடைவெளிகளை அப்படியே விட்டேன். நகர்த்தவில்லை, நகல்தான் எடுத்தேன். கணினி ஒன்றும் பேசவில்லை. போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு தடவை திறந்து பார்த்தேன்.